ஐம்பதுக்கு ஒன்று

"பத்துக்கு ஒண்ணு தர்றேன்னு சொல்லிட்டு, இப்ப ஐம்பதுக்கு ஒண்ணா? இது பகல் கொள்ளை இல்லாம வேற என்ன?"

அண்ணன் மேசையில் தட்டிய தட்டில் கவுன்ட்டர் பெண்ணின் பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கை குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா, அண்ணன் பெயரில் நூறு பங்குகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் சரிபாதியைத் தங்கைக்கு மாற்றத்தான் இருவரும் தரகர் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். வந்த இடத்தில் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"என்ன விஷயம்னு நிதானமாச் சொல்லுங்க சார்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

"கம்பெனி பெயின்ட் பிரிவைத் தனிக் கம்பெனி ஆக்குது. பத்து ஷேருக்குப் புதுக் கம்பெனியில ஒண்ணுன்னு லெட்டர் போட்டாங்க. நடுவுல ஒரு ஷேரை அஞ்சாப் பிரிச்சாங்க. நூறு ஐநூறாச்சு. அப்ப எனக்குப் புதுசு ஐம்பது வரணுமா இல்லையா? இல்லையாம், அதே பத்துதானாம்! எங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்களா?"

நூறு ஐநூறான சேதியே தங்கைக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் அவளுக்கும் வயிறு எரிந்தது. அப்பா ஓட்டைக் குடையோடு காலம் தள்ளிச் சேர்த்த பங்குகள் அவை.

"ஆமா மேடம், சொன்ன சொல்லை மாத்தலாமா?" என்றாள்.

கவுன்ட்டர் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஐந்தாகக் கிழித்தாள்.

"துண்டு அஞ்சு. ஆனா தாள் ஒண்ணுதானே? அந்த மாதிரிதான். உங்க பழைய பத்துதான் இப்ப ஐம்பது. அதான் ஐம்பதுக்கு ஒண்ணு. நம்பர் பெருசானதை வச்சு ஏமாந்துடாதீங்க."

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தான்.

"விடு, ஊரான் என்னவோ பண்ணட்டும். நம்ம வேலையை முடிப்போம். அப்பா சொன்ன பாதியை எழுதிட்டேன். கையெழுத்துப் போடும்மா."

தங்கை கண்கலங்கிப் பேனாவைத் திறந்தாள். படிவத்தில் அண்ணனின் முத்து முத்தான எழுத்து: 'தங்கைக்கு, 50 பங்குகள்.'

கிழிந்த துண்டுகளை ஒரு முறை பார்த்தாள். பேனாவை மூடினாள்.

இந்தத் தடவை மேசையில் தட்டியது அவள்.

"அப்பா எனக்குத் தரச் சொன்ன ஐம்பது, உன் கைக்கு வந்ததும் பத்தாயிடுச்சா அண்ணா?"