மோட்டார் இல்லாத குழாய்

பங்குனியில் இப்படி மழை கொட்டும் என்று அம்பாசமுத்திரத்தில் யாரும் நினைக்கவில்லை. அணையைத் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்ததுமே செந்தூர்பாண்டி ஆற்றங்கரையில் இருந்த மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ரப்பர் குழாயை மட்டும் வயல் வரப்பில் விட்டிருந்தார்.

மழை ஓய்ந்து வானம் வெறித்தது. வயலில் சாய்ந்த நெற்கதிர் முளைவிடும் முன் அறுத்தாக வேண்டும். நாயாய் அலைந்து ஒரு அறுப்பு மெஷினைப் பிடித்தார். அதை ஓட்டி வந்த சதாம் வரப்போரத்திலேயே நிறுத்திவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, அறுக்கப்போற வயலுக்குத் தண்ணி பாய்ச்சுதீய?"

"நான் எங்கலே பாய்ச்சுதேன்? மோட்டாரு வீட்டுல கெடக்கு."

குழாயிலிருந்து வயலுக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஓட, இது மட்டும் தெளிவாகச் சில்லென்று இருந்தது. செந்தூர்பாண்டி எரிச்சலோடு குழாயை முழுவதுமாக இழுத்து வரப்பில் சுருட்டிப் போட்டார். ஒரு முனை புல்லின் மேல் சும்மா கிடந்தது. மறுமுனை கொட்டிக்கொண்டே இருந்தது.

"சகதியில வண்டியை எறக்க முடியாது. நான் வேற வயலுக்குப் போறேன்."

"செத்த நில்லுலே."

ஆத்திரத்தில் சும்மா கிடந்த முனையை உள்ளங்கையால் பொத்தினார். கன்றுக்குட்டி சப்புவதுபோல் அது கையை உறிஞ்சியது. தண்ணீர் நின்றுவிட்டது.

"அதை அப்படியே பிடிச்சுக்கிடுங்க. ரெண்டு நாள் காஞ்சா போதும், வாரேன்" என்று சதாம் மெஷினைத் திருப்பினான்.

செந்தூர்பாண்டி கையைப் பிடுங்கிப் பார்த்தார். தண்ணீர் கொட்டியது. மறுபடி பொத்தினார். இந்தமுறை அது மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டது.

ரெண்டு நாள்தானே என்று வரப்பில் உட்கார்ந்தார்.