நாங்கள் தப்பினோம்

ஆர்மோனியம் சுருதி கொடுத்துவிட்டது.

அவன் தலையைத் தூக்கவில்லை.

பெண்கள் பக்கம், முதல் வரிசை. எப்சிபாவின் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். மகளை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இன்றுதான் கோயிலுக்கு வருகிறார்.

பாடகர் குழுவின் வேனில் போனவர்கள் பத்துப் பேர். வேன் கவிழ்ந்த வாய்க்காலிலிருந்து ஏறி வந்தவர்கள் ஒன்பது.

ஓட்டியவன் அவன்.

கதவை உதைத்துத் திறந்தான். கைக்கு எட்டியவர்களை எல்லாம் இழுத்தான். எப்சிபா கடைசி இருக்கையில் இருந்தாள்.

டயர் வெடித்ததற்கு நீ என்ன செய்வாய் என்று போலீஸ்காரரே சொன்னார். போதகரும் சொன்னார். அந்த அம்மா மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டான்.

இன்று ஸ்தோத்திர ஆராதனை. பிழைத்த ஒன்பது பேரும் நின்று நூற்று இருபத்து நான்காம் சங்கீதத்தைப் பாட வேண்டும். வெள்ளம் விழுங்காமல் விட்டதைச் சொல்லும் சங்கீதம். கண்ணி அறுந்து குருவி பறந்ததைச் சொல்லும் சங்கீதம்.

குருவிக்குப் பிறகு இரண்டே சொல்.

நாம் தப்பினோம்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் அந்த இடத்தில்தான் எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு நாம் என்று எப்படிப் பாடுவது? அவருக்கு என்ன தப்பியது?

மெட்டுப் போட்ட ஞானசிகாமணி சார் பென்சிலை எடுத்தார். நாம் என்பதை அடித்தார். மேலே நாங்கள் என்று எழுதினார்.

"வேதத்துலயே கை வைக்கியளே சார்," என்றாள் ரூபிலா.

"ஆண்டவரு என்னைய அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு. அந்தம்மா மனசு நோவப்பிடாது. எழுதுங்க எல்லாரும்."

ஒன்பது தாளிலும் எழுதினார்கள்.

இப்போது குழு பாடுகிறது. வெள்ளம் வந்தது. தலைக்கு மேலே போனது. குருவி பறந்தது.

நாங்கள் தப்பினோம்.

எப்சிபாவின் அம்மா நிமிர்ந்தார்.

மீண்டும் அதே அடி. நாங்கள் தப்பினோம்.

அவர் எழுந்தார்.

பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். வாசல் பக்கம் திரும்பவில்லை. பாடகர் குழுவைப் பார்த்து நடந்தார்.

அடுத்த அடி அவன் தனியாகப் பாட வேண்டியது. அதே இரண்டு சொல்.

ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. அவன் வாய் திறக்கவில்லை.

மறுபடி எடுத்துக் கொடுத்தது.

வாய்க்கால் தண்ணீரின் ருசி நாக்கில் ஏறியது.

அவர் அவனுக்கு நேரே வந்து நின்றார்.

"எம் பிள்ளைய மட்டும் ஏன்யா விட்டுட்டிய?"

கோயில் முழுவதும் கேட்டது. போதகர் அவசரமாகப் படியிறங்கினார்.

இத்தனை நாள் அவன் பயந்திருந்த கேள்வி. ராத்திரியெல்லாம் பதில் தேடிப் பார்த்த கேள்வி.

"எக்கா..." என்றான்.

அவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டினார். பென்சில் எழுத்தின்மேல் வைத்தார்.

"நாங்கள்னா அவ எங்க போவா? நாம்னு பாடுங்கய்யா. அவளும் சேத்திதான்."

போதகர் நின்றுவிட்டார்.

அவர் தாளின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.



அவரே தொடங்கினார்.

மேடையேறிப் பாடாத குரல். அழுது தேய்ந்த குரல். சுருதிக்கு வெகு கீழே இருந்தது.

ஆர்மோனியம் ஒரு கணம் திகைத்து நின்றது.

பிறகு, அவர் எடுத்த இடத்துக்கு அது இறங்கி வந்தது.

அவன் மூச்சை உள்ளே இழுத்தான்.