யார் ஊதிய மூச்சு

"மூச்சு ஓடுதே" என்றார் அவர்.

ஓடத்தான் செய்தது. பச்சைத் துணிக்கு அடியில் மனைவியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஒரே சீராக.

"அது அவங்க மூச்சு இல்லைங்கய்யா. மெஷினோடது."

இளம் டாக்டர். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை மெஷினை நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு முறையும் கனகமணி தானாக மூச்சை இழுக்கவில்லை. மூளை இறந்துவிட்டது. இனித் திரும்பாது.

அவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

இருபத்தாறு வருடமாக உபதேசியார். பாஸ்டர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம். மற்ற ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம். கடவுள் மண்ணைப் பிசைந்து மனுஷனைச் செய்தார், மூக்கில் ஊதினார், அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்த இடம் வரும்போது அவரே குனிந்து ஊதிக் காட்டுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மூச்சு என்றால் கடவுளுடையது. அதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

இங்கே அது சுவரில் ஒரு பிளக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இதயம், ஈரல், ரெண்டு கிட்னி. எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருக்கு. நீங்க மனசு வச்சா நாலு பேர் பிழைப்பாங்க."

"கண்டிஷனா? அவ என்ன பழைய வண்டியா, பிரிச்சுக் குடுக்கதுக்கு?"

டாக்டர் தலைகுனிந்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று நகர்ந்தார்.

வண்டி.

தன் வாயிலிருந்து வந்த சொல்லே அவரை அறைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போது வண்டியை ஓட்டியது அவர்தான். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு கிடையாது. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவள் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தாள். வண்டி திடீரென்று லேசானது. அதை வைத்துத்தான் அவருக்கே தெரிந்தது.

உம்முடைய வேலைக்குத்தானே போனோம்.

மூன்று நாளாகக் கடவுளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மனதுக்குள்.

வெளியே பெஞ்சில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு கிறிஸ்மஸ் மத்தியானம், சாப்பாட்டின் நடுவே, உலகம் ஆறு நாளில் ஆனதில்லை என்றாள். யாரும் ஆக்கவும் இல்லை, தானாக வந்தது, கோடிக்கணக்கான வருடம் பிடித்தது என்றாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார்.

அவர் தெருவில் இறங்கியதும் கனகமணி மகளுக்கு போன் போடுவாள். அது அவருக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொண்டார்.

டாக்டர் அவளிடமும் பேசியிருந்தார். உறுப்பு தானப் படிவம் அவள் மடியில் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்கப்பா."

இரண்டு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

"போடுவேன்னு நெனச்சியோ? உனக்கு உங்கம்மா வெறும் சதை. குரங்குல இருந்து வந்தவதானே. அறுத்தா என்ன, எரிச்சா என்ன."

நடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். திரும்பட்டும்.

அவள் எழுந்தாள். அவளுக்கும் அவருடைய கோபம்தான். ஆனால் குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்தபடி வரும் கோபம்.

"சதைன்னு நான் சொல்லலப்பா. மண்ணுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"ஏட்டி—"

"உங்களுக்கென்ன. கடைசி நாள்ல அம்மா எந்திரிச்சு வருவா. கையப் புடிச்சுக்கிட்டு நடப்பீங்க. எனக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. இன்னைக்கோட தீந்துது. இனி எங்கயும் அவளைப் பாக்க மாட்டேன்."

மூச்சு வாங்கினாள்.

"பாக்கவே போகாத நான் குடுங்கன்னு சொல்லுதேன். திரும்பப் பாக்கப்போற நீங்க விடமாட்டேங்கிய."

அவரிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, பத்து இருந்தது. உயிர்த்தெழுதலைப் பற்றிக் கன்வென்ஷன் கூட்ட மேடையில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்.

அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அதை மகள் மேல் நிறுத்த முடியவில்லை. டாக்டர் மேலும் அது நிற்கவில்லை. வண்டி மேல், ரோட்டின் மேல், தன் மேல், எதன் மேலும் நில்லாமல் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

பேனாவை வாங்கினார். உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதினார். முனை தாளைக் கிழித்தது. சாட்சிக் கையெழுத்து எப்சிபா போட்டாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஊரிலிருந்து சபையார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கைகட்டி நின்றார்கள். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

"ஜெபம் பண்ணுங்க, உபதேசியாரே."

ஊரில் எந்தச் சாவென்றாலும் ஜெபம் அவருடையது. தேடாமல் வார்த்தை வரும்.

அவர் கனகமணியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் பிளாஸ்திரி. உதட்டோரம் குழாய் அழுத்திய தடம்.

"இவ்வளவு நாளும் நான்தான் பேசினேன்" என்றார். "இன்னைக்கு ஆண்டவரு பேசட்டும்."

யாரும் அசையவில்லை. மூடிய கண்களை யாரும் திறக்கவுமில்லை.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது.

காத்திருந்தார்கள்.

அவர் கண்ணை மூடாமல் நின்றார்.

ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம் எப்சிபாவும் மூடாமல்தான் நின்றாள். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.