எல்லைக் கொட்டகையில் வெள்ளையம்மாள்

ஐம்பத்தாறாம் வருஷம். சீன எல்லையில், தகரக் கொட்டகையின் பெஞ்சு நுனியில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். நெல் சாகுபடி பார்க்க விழுப்புரத்திலிருந்து அவளோடு கப்பலேறி வந்த கணவன் அரங்கநாதனை எதிர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் புரியாத பாட்டை உச்சத்தில் பாடுகிறது. வெளியே, ஊர்ப்பக்கம் காணையில் பார்த்த அதே பச்சையில் நாற்று அசைகிறது. அதைப் பார்க்க மாட்டாமல் அவள் சாத்திய கதவுக்கே திரும்பிக்கொள்கிறாள். நீலச் சட்டைக்காரி ஒருத்தி நெருங்கி, அவள் கழுத்தைக் காட்டி ஏதோ சொல்கிறாள். வெள்ளையம்மாள் தாலியைப் பொத்திக்கொள்கிறாள். "அவுரு வராம இத தொட உடமாட்டேன்." அந்தப் பெண் சிரித்தபடி, கழுத்தில் வழியும் வியர்வையைத் துடைக்க ஆவி பறக்கும் ஈரத்துண்டை நீட்டுகிறாள். கதவு திறக்கிறது. அரங்கநாதன் புஜத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறான். "பயந்துக்கினு இருக்காத, ஊசிதான் போட்டாங்க. அடுத்து ஒன்ன கூப்புடறாங்க. நான் வெளியவே நிக்கணுமாம்." வெள்ளையம்மாள் தாலியை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு பெஞ்சு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.