முனைக்கு அப்பால்

நார் மில் இயந்திரம் மாசிலாமணியின் வலது கையை முழங்கைக்குக் கீழே பிடுங்கிக்கொண்டபோது தோளருகே நரம்பும் அறுந்துபோனது. அதைச் சேர்த்துத் தைத்த டாக்டர், நரம்பு தன் இடத்தைத் தேடி வளரும், நுனி வந்திருக்கும் இடத்தில் தட்டினால் சுருக்கென்னும் என்றார். தினமும் காலையில் ஜெயக்கொடி கணவனின் மிச்சக் கையை விரலால் தட்டிக்கொண்டே வருவாள். அவன் கண்ணை மூடியபடி "இங்கதான் புள்ள" என்பான். அந்தச் சுருக் மெல்ல இறங்கித் தையல் போட்ட முனைக்கு வந்தது. அதோடு நின்றுவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மறுநாள் முனையில் ஒன்றுமில்லை. விளையாட்டாக, ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் தட்டினாள். அவன் துள்ளி எழுந்தான்.

பிறகு அது கட்டில் சட்டத்துக்குப் போனது. அப்புறம் அடுப்படி நிலைப்படிக்கு. அது கொல்லைப் பக்கமாகவே போவதை அவள் கவனித்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்த கையைச் சுடுகாட்டில் புதைத்துவிட்டதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். ஆள் உயிரோடிருக்க, கையை மட்டும் அங்கே விட்டுவர மனம் வராமல் கொல்லையில் முருங்கைக்கு அடியில் புதைத்திருந்தாள்.

நேற்று கொல்லையில் துவைக்கிற கல்வரை வந்திருந்தது. இன்றும் அந்தக் கல்லில் தட்டினாள். வீட்டுக்குள் அவனிடமிருந்து சத்தமில்லை; சுருக் கல்லையும் தாண்டிவிட்டது. அதற்கப்பால் முருங்கைதான். தட்டத் துணிவில்லாமல் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏ புள்ள!" வீட்டுக்குள்ளிருந்து அவன் அலறினான். "விரலை விடு! எதுக்கு இப்படிப் புடிச்சு இழுக்குற?"