விட்டுப்போன பூனை

"சுலஸ்த்ரியே விட்டுட்டுப் போயிட்டா, நமக்கென்ன? சாக்குல போட்டு மீன் சந்தையில விட்டுட்டு வரேன்" என்றார் என் கணவர் சுப்ரியாதி.

பக்கத்து வீட்டு சுலஸ்த்ரி நேற்றுதான் செமாராங் நகருக்குக் குடிபோனாள். இன்று காலை பூனை எங்கள் வாசலில் நிற்கிறது.

"அவளைக் கேக்காம எப்படிங்க?"

ஆறு வருஷமாக எங்கள் வறுத்த மீனைத் திருடிய பூனை. எங்கள் ஊரான சோலோவில் அண்டை வீட்டாரை முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்வதில்லை. நானும் வெளியே சிரித்து, உள்ளே அவளைத் திட்டித் திட்டி, என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்திருந்தது. இன்று கேட்டுவிடுவது என்று போனை எடுத்தேன்.

"தங்கச்சி, பூனை இங்க வாசல்ல நிக்குது" என்றேன், முடிந்தவரை கடுமையாக.

மறுமுனையில் ஒரு விம்மல்.

"வந்துடுச்சா அக்கா? என்னை மன்னிச்சிடுங்க! கிளம்பும்போது நான்தான் மீன் சந்தையில கொண்டுபோய் விட்டேன். ஆறு வருஷமா எங்க கோழிக்கறியத் திருடுச்சு. உங்க செல்லமாச்சே, எப்படிச் சொல்றதுன்னு பொறுத்துக்கிட்டோம். பாவம், நீங்க எங்கெல்லாம் தேடினீங்களோ! எனக்குச் சோறே இறங்கல அக்கா."

'அது எங்க பூனை இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இவள் எவ்வளவு கூசிப்போவாள்!

"அழாதேம்மா. எங்க பூனைக்கு எங்க வீட்டு வழி தெரியாதா?" என்றேன்.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பூனை அவர் கால்களுக்கிடையே நுழைந்து உள்ளே போய், அவருடைய நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது.