சொந்த வீட்டு டிஸ்க்

டிவிக்குப் பின்னால் செருகியிருந்த ஸ்டிக் வாயடைத்துப் போயிருந்தது. அது நெட்டிலிருந்து இழுத்துக் காட்டிய டிராகன் விளையாட்டை, ஜெசிந்தா ஆடிக்கொண்டிருக்கும்போதே யாரோ நெட்டிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

"வாடகைக்குக் குடியிருந்தா இந்தக் கதிதான்," என்றது அலமாரியில் இருந்த டிஸ்க். "நான் சொந்த வீட்டுக்காரன். அதே விளையாட்டு என் வயித்துக்குள்ளயே இருக்கு. எவன் பிடுங்குவான்?"

சொல்லி வாய் மூடுவதற்குள் ஜெசிந்தா அதை எடுத்துத் துடைத்து கேம் பெட்டிக்குள் தள்ளினாள். டிஸ்க் மிதப்பாகச் சுழன்றது.

"கொஞ்சம் இரு," என்றது பெட்டி. "இந்த விளையாட்டைச் செஞ்ச கம்பெனி நெட்ல சரின்னு சொன்னாத்தான் ஆட்டம் தொடங்கும்."

"என் வீட்டுக்குள்ள போக நான் எதுக்கு அவங்களைக் கேக்கணும்?"

"வீடு உன்னுதுதான். சாவி அவங்ககிட்டல்ல இருக்கு?"

டிஸ்க் சுழன்றுகொண்டே இருந்தது. பெட்டி கம்பெனியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. எதிர்முனையில் பதிலே இல்லை. ஜெசிந்தா நகத்தைக் கடித்தபடி இருண்ட திரையையே பார்த்தாள்.

"என்னாச்சு? சொல்லித் தொலையேன்!" என்று கத்தியது டிஸ்க்.

"நெட்ல செய்தி வந்திருக்கு. அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்களாம்," என்றது பெட்டி.

டிஸ்க் மெல்ல மெல்ல நின்றது.

பின்னாலிருந்து ஸ்டிக் தணிந்த குரலில் கேட்டது:

"சொந்த வீட்டுக்காரரே, நீங்களும் தெருவுக்கு வந்தாச்சா?"